ஓவர்ஹால் ஆன கியர் பாக்ஸ்: ‘ஓட ஓட செட் ஆயிடும்’ங்கிறத நம்பலாமா?

ஜனவரி 12

நேரா விஷயத்துக்கு வர்றேன். வண்டி 1970 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். நாலு கியர், ஓவர்டிரைவ் (அதே வேகத்துல எஞ்சின மெதுவாச் சுத்த விடுற கூடுதல் அமைப்பு) உண்டு. கியர் பாக்ஸ ஓவர்ஹாலுக்குக் கொடுத்து, ஏழு வாரம் கழிச்சு வாங்கி, மாட்டி 400 கிலோமீட்டர் ஓட்டிட்டேன். கொடுக்கும்போது குறை ரெண்டு. வரும்போது நாலு.

மூணாவதுலேர்ந்து ரெண்டாவதுக்கு இறக்கினா நறநறங்குது, காலையில முதல் பத்து நிமிஷம் ரொம்ப மோசம். ரிவர்ஸ் எப்பப் போட்டாலும் ஒரு கடி. மூணாவதுல போயிட்டிருக்கும்போது ஆக்சிலரேட்டர்லேர்ந்து கால எடுத்தா லீவர் தானா நியூட்ரலுக்கு வந்து உக்காந்துக்குது. அப்புறம் அந்தப் பழைய ஊளைச் சத்தம். ஒண்ணு, ரெண்டு, மூணுல கேக்குது, நாலாவதுல இல்ல. பெட்டிய அனுப்பினதே முக்கியமா அதுக்காகத்தான்.

வேலை பார்த்தவர்கிட்ட சொன்னேன். “புது பேரிங், புது சிங்க்ரோ சார். ஓட ஓட செட் ஆயிடும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டுப் பேசுங்க”ங்கிறார். சிங்க்ரோன்னா கியர் விழுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்க வேகத்தையும் சமமாக்குற வளையம்.

இதுல எது ஓட ஓட செட் ஆகும், எது ஆகாது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. எனக்கென்னவோ அவர் சிங்க்ரோவையே மாத்தல, பேரிங்கத் தொடைச்சு மாட்டிட்டார்னுதான் தோணுது. இத அவருக்கும் எழுதி அனுப்பிட்டேன், கொஞ்சம் காரமாவே.

ஜனவரி 13

பதில் போட்டவங்கள்ல பாதிப் பேர் கேட்ட ஒரே கேள்வி: என்ன ஆயில் ஊத்தின?

ஜிஎல்-5, 80டபிள்யூ-90. நான்தான் ஊத்தினேன், ஓவர்ஹால் பண்ணின கடைக்காரர் இல்ல. டப்பாவுல ‘கியர் ஆயில்’னு போட்டிருந்துச்சு, கியர் பாக்ஸுக்கு ஊத்தினேன். இதுல என்ன தப்புன்னு நேத்து ராத்திரி வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஜனவரி 13, ராத்திரி

வண்டிக் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். இந்த கியர் பாக்ஸுக்கு எஞ்சினுக்கு ஊத்துற அதே 20டபிள்யூ-50 ஆயில்தான் போட்டிருக்கு. பத்து வருஷமா அலமாரியில இருக்கிற புத்தகம். அந்தப் பக்கத்துல என் கை ரேகையே எண்ணெயோட இருக்கு. ஒரு காலத்துல படிச்சிருக்கேன்.

ஜிஎல்-5ங்கிறது பின் சக்கரங்களுக்கு விசையப் பிரிச்சுக் கொடுக்கிற டிஃபரன்ஷியலுக்கான சரக்கு. ஹைபாய்டு பல்லுங்க ஒண்ணு மேல ஒண்ணு அழுத்தி வழுக்கிட்டே போற இடத்துக்காக அதுல கந்தகம், பாஸ்பரஸ் சேர்க்கை அதுக்கு முந்தின தரமான ஜிஎல்-4ஐ விட நிறைய. சிங்க்ரோ வளையம் பித்தளை. அந்தச் சேர்க்கை பித்தளைய அரிச்சுடும், போதாததுக்கு ஆயிலும் கெட்டி, குளிர்ல வளையம் பிடிக்காது. இப்படித்தான் எனக்கு விளக்கினாங்க. சரி, வடிச்சுப் பார்த்துடுவோம்.

ஜனவரி 16

வடிச்சாச்சு. வெள்ளைத் தட்டுல பிடிச்சு வெயில்ல வச்சுப் பார்த்தா, தங்க ரேக்கு கரைச்ச மாதிரி மினுமினுன்னு ஒரு படலம். காந்தத்த விட்டுத் துழாவினேன். ஒட்டினது வடிகால் பிளக்ல வழக்கமா இருக்கிற கருப்புக் களிம்பு மட்டும்தான். மினுக்கம் ஒட்டல. அப்ப அது இரும்பு இல்ல, பித்தளை. நம்ம வளையம்தான் அங்க மிதக்குது.

ஓவர்டிரைவுக்குத் தனி ஆயில் கிடையாது, கியர் பாக்ஸோட ஆயில்லதான் அதுவும் ஓடுது. அதனால அடியில இருக்கிற அதோட வடிகட்டியையும் கழட்டிக் கழுவினேன். அதுல பெருசா ஒண்ணும் இல்ல. 20டபிள்யூ-50 ஊத்தியாச்சு. வண்டிக்குக் கீழ படுத்தது படுத்தாச்சு, கிளட்ச் ஃப்ளூயிடையும் மாத்திக் காத்தெடுத்துட்டேன். டீ கலர்ல வந்துச்சு.

ஒரு நண்பர் “முதல் கியருக்கு சிங்க்ரோவே கிடையாதே, அதையும் சேர்த்துப் புகார் சொல்றியா”ன்னு கேட்டிருக்கார். 1962-ல வண்டி வந்ததுலேர்ந்து 1967 வரைக்கும் அப்படித்தான். அதுக்கப்புறம் வந்த பெட்டியில நாலு கியருக்கும் சிங்க்ரோ உண்டு. என்னோடது 1970. ரிவர்ஸுக்கு மட்டும் எந்தக் காலத்துலயும் கிடையாது.

ஜனவரி 20

ரெண்டாவது கியர் முக்கால்வாசி சரியாயிடுச்சு. காலையில முதல் ரெண்டு மூணு தடவை முனகுது, அவ்வளவுதான்.

சந்தோஷப்படுறதா வெக்கப்படுறதான்னு தெரியல. ‘சிங்க்ரோவே மாத்தல’ன்னு அவருக்கு எழுதினது நான்.

ரிவர்ஸ் கடி அப்படியே இருக்கு. மூணாவது கழண்டு வர்றதும் ஊளையும் அப்படியே.

ஜனவரி 22

ரிவர்ஸ் பத்தி ஒருத்தர் சொன்ன சோதனை. எளிசு, எல்லா வண்டிக்கும் ஆகும். எஞ்சின ஐடிலிங்ல விட்டு, நியூட்ரல்ல வச்சு, கிளட்ச முழுசா மிதிச்சு, மெதுவா பத்து எண்ணி, அப்புறம் ரிவர்ஸ் போடணும். கிளட்ச் சுத்தமாப் பிரிஞ்சா பெட்டிக்குள்ள சுத்திட்டிருக்கிற சக்கரமெல்லாம் அந்தப் பத்து எண்றதுக்குள்ள நின்னுடும், ரிவர்ஸ் சத்தமில்லாம விழும். அப்பவும் கடிச்சா, மிதிச்ச பிறகும் எஞ்சின் பெட்டியச் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. மத்த கியர்ல சிங்க்ரோ இருக்கிறதால இந்தக் குறைய அது மூடி மறைச்சுடும். ரிவர்ஸுக்கு மறைக்கத் தெரியாது.

பத்து எண்ணினேன், கடிச்சது. இருபது எண்ணினேன், கடிச்சது.

இப்ப ஒரு பாவமன்னிப்பு. ரெண்டு வருஷமாவே நான் ரிவர்ஸ் போடுறதுக்கு முன்னாடி முதல் கியர ஒரு தட்டு தட்டிட்டுத்தான் போடுவேன். அப்பத்தான் பெட்டி நிக்கும், ரிவர்ஸ் ஓரளவு சத்தமில்லாம விழும். பழைய வண்டின்னா இப்படித்தான்னு கை தானாப் பழகிடுச்சு. ஓவர்ஹால் ஆகி வந்த பிறகு ‘புதுப் பெட்டிதானே’ன்னு அந்தத் தட்டல விட்டுட்டேன். கடி புதுசா வந்த மாதிரி தெரிஞ்சது அதனாலதான். குறை ஓவர்ஹாலுக்கு முன்னாடியே இருந்திருக்கு.

ஜனவரி 27

கண்டுபிடிச்சாச்சு. கிளட்ச் பெடலையும் மாஸ்டர் சிலிண்டரோட தண்டையும் சேர்க்கிற பின் ஒண்ணு இருக்கு, கிளெவிஸ் பின்னு சொல்லுவாங்க. சுண்டுவிரல் தடிமன் கூட இருக்காது. உருவி எடுத்தா, நடுவுல பாதி ஆளக் காணோம். நிலாப் பிறை மாதிரி தேஞ்சு நிக்குது. பெடல்ல அது போற ஓட்டையும் வட்டமா இல்ல, நீளவட்டமா ஆயிருக்கு. பெடல மிதிச்சா முதல் கொஞ்ச தூரம் இந்தத் தொளதொளப்பத் தின்னவே சரியாப் போகுது. பிறகுதான் ஃப்ளூயிட தள்ளவே ஆரம்பிக்குது.

கீழ, ஃப்ளூயிட் அழுத்தத்துல கிளட்சப் பிரிக்கிற ஸ்லேவ் சிலிண்டரோட தண்டு எவ்வளவு நகருதுன்னு ஒருத்தர மிதிக்கச் சொல்லி ஸ்கேல் வச்சு அளந்தேன். 9 மில்லிமீட்டர். பெடல் ஓட்டைய வெல்டு வச்சு அடைச்சு, திரும்பத் துளை போட்டு, புதுப் பின்னப் போட்டதும் 13. ரிவர்ஸ், பத்து எண்ணி மெதுவாத் தள்ளினேன். போய் விழுந்ததே தெரியல. லீவர ஆட்டிப் பார்த்துத்தான் உறுதி பண்ணினேன்.

இதுல வயித்தக் கலக்குற விஷயம் வேற. கிளட்ச் சரியாப் பிரியாம ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கேன். அத்தனை நாளும் ஒவ்வொரு கியர் மாத்தும்போதும் சிங்க்ரோ வளையம் எஞ்சினையே இழுத்து நிறுத்தப் பார்த்திருக்கு. ஊளையோட, ரெண்டாவது கியர் சிங்க்ரோ தேஞ்சதுன்னும்தானே பெட்டிய அனுப்பினேன்? அதத் தின்னது இந்தப் பின்தான். பின் அப்படியே இருந்திருந்தா எத்தனை ஓவர்ஹால் பண்ணினாலும் அதே கதிதான்.

ஆக நாலு புகார்ல ரெண்டு என்னோடது.

ஜனவரி 28

“அப்ப கடைக்காரர் நல்லவர்தான், மன்னிப்புக் கேளு”ன்னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. பொறுங்க. மீதி ரெண்டு இருக்கு.

ஊளை: நியூட்ரல்ல கிளட்ச் மேல இருக்கும்போது சன்னமாக் கேக்குது, மிதிச்சா நின்னுடுது. அதனால காரணம் ரிலீஸ் பேரிங் (கிளட்ச மிதிக்கும்போது அத அழுத்திப் பிரிக்கிறது) இல்ல. அந்தக் கார்பன் பேரிங்கா இருந்தா மிதிக்கும்போதுதான் கத்தும். ஓட்டும்போது ஒண்ணு, ரெண்டு, மூணுல ஊளை, நாலாவதுல அமைதி. நாலாவதுல விசை உள்ள வர்ற தண்டுலேர்ந்து நேரா வெளிய போற தண்டுக்குப் போயிடும், கீழ இருக்கிற லே ஷாஃப்ட் பக்கம் போகாது. அந்தத் தண்டு மேல இருக்கிற லே கியர் சும்மா சுத்தும், பாரம் கிடையாது. மத்த மூணுலயும் மொத்தப் பாரமும் அது வழியாத்தான். அதனால நோய் லே ஷாஃப்ட்லதான்னு கிட்டத்தட்ட அடிச்சே சொல்லலாம். இது எந்த ஆயில மாத்தினாலும் போகாது, ‘செட்’டும் ஆகாது.

மூணாவது கழண்டு வர்றது: கால எடுத்தா மட்டும் வருது, மிதிச்சா வராது. பல்லுங்க சாய்வா வெட்டினது. எஞ்சின் இழுக்கும்போது கியர ஒரு பக்கம் தள்ளும், வண்டி எஞ்சின இழுக்கும்போது எதிர்ப்பக்கம் தள்ளும். அந்த எதிர்ப்பக்கத் தள்ளலத் தாங்க உள்ள ஏதோ ஒண்ணு இல்ல. லீவர் ரப்பர் உறை இடிக்குதான்னு பார்க்கச் சொன்னீங்க. உறையக் கழட்டிட்டே ஓட்டினேன், அப்பவும் வருது. எஞ்சின் மவுண்ட் நல்லா இருக்கு.

பிப்ரவரி 2

போன்ல பேசினேன். எப்படிப் பேசக் கூடாதோ அப்படிப் பேசினேன்.

அவர் முதல் கேள்வியே “என்ன ஆயில் சார் ஊத்தினீங்க?” உண்மையச் சொன்னேன். அடுத்தது “கிளட்ச் செக் பண்ணீங்களா?” அதையும் சொன்னேன். அதோட அவருக்கு வேலை முடிஞ்சது. “பாருங்க, நீங்க கண்ட ஆயில ஊத்தி, கிளட்சையும் கவனிக்காம ஓட்டிட்டு, சிங்க்ரோ மாத்தலன்னு எழுதுறீங்க. இப்ப சத்தம் வருதுன்னா நான் என்ன சார் பண்றது?”

அவர் பேச்சுல பாதி நியாயம், அதான் கோவமே. என்னோட முதல் காரக் கடுதாசியில நாலையும் ஒரே மூட்டையாக் கட்டிக் கொடுத்துட்டேன். ரெண்டு பொய்யாப் போனதும் மிச்ச ரெண்டும் அதோட சேர்ந்து பொய்யாயிடுச்சு. என்ன தெரியுதோ அத மட்டும் எழுதியிருக்கணும், ‘மூணாவதுல இந்த வேகத்துல கால எடுத்தா லீவர் வெளிய வருது’ன்னு. நான் எழுதினது ‘நீ இத மாத்தல, அதத் தொடைச்சு மாட்டிட்ட’ங்கிற தீர்ப்பு. உள்ள பார்க்காத ஆளு நான்.

பிப்ரவரி 3

5-ஸ்பீடு பெட்டி மாத்திடுன்னு ஆலோசனை சொல்ற அன்பர்களுக்கு: ஓவர்டிரைவ் மூணாவதுலயும் நாலாவதுலயும் வேலை செய்யும். நாலும் ரெண்டும் ஆறு. உங்கள விட ஒண்ணு கூட இருக்கு. போங்க.

பிப்ரவரி 9

பில்லையும் பையையும் இன்னிக்குத்தான் ஒழுங்காப் பார்த்தேன்.

பெட்டியக் கொடுக்கும்போதே “கழட்டுற பழைய சாமான் எல்லாம் எனக்கு வேணும்”னு சொல்லியிருந்தேன். ஒரு துணிப் பையில போட்டுக் கொடுத்தார். வீட்டுல ஒரு மூலையில எறிஞ்சு வச்சிருந்தேன். இன்னிக்குப் பழைய நியூஸ் பேப்பர விரிச்சு, கொட்டி, பில்ல பக்கத்துல வச்சு டிக் அடிச்சேன்.

இருந்தது: பெரிய பால் பேரிங் எல்லாம், அதுல ஒண்ணச் சுத்தினா ஜல்லி அரைக்கிற மாதிரி சத்தம். நீடில் பேரிங், அதாவது ஊசி மாதிரி மெல்லிய உருளைங்க. ஆயில் சீல். பித்தளை வளையம் மூணு.

ஆக சிங்க்ரோ மாத்தியிருக்கார். பேரிங்க தொடைச்சு மாட்டல. ஜனவரி 12 அன்னிக்கு நான் எழுதின கடைசிப் பத்திய நீங்க யாரும் படிக்கலன்னு வச்சுக்கலாமா?

இல்லாதது: நாலாவது வளையம் ஒண்ணு. அப்புறம் லே ஷாஃப்ட். நீடில் பேரிங் பையில இருக்கு, அது உருளுற தண்டு பையில இல்ல. பில்லுலயும் இல்ல. புது நீடில பழைய தண்டுலயே மாட்டியிருக்கார்னு அர்த்தம். இந்த ரகப் பெட்டியில முதல்ல சாகுறதே அந்தத் தண்டுதான்னு இங்கயே எத்தனை பேர் எழுதியிருக்கீங்க.

தண்டு நல்லா இருந்து திரும்பப் போட்டிருந்தா அது தப்பில்ல. நல்லா இருந்துச்சா?

பிப்ரவரி 10

பையில எல்லாத்தையும் வரிசையா வச்சுப் படம் எடுத்துட்டேன், பில்லோட சேர்த்து.

பிப்ரவரி 16

“வேற கடையில திறந்து பார்த்துட்டு, படம் எடுத்து இவர் மூஞ்சியில காட்டு.” இது பெரும்பாலானவங்க ஓட்டு. ரெண்டு நாள் நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா வேற ஒருத்தர் கை பட்டுடுச்சுன்னா முதல் ஆளு “நான் கொடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு, அவர்தான் கெடுத்துட்டார்”னு சொல்ல ஒரு வினாடி ஆகாது. அதுக்கப்புறம் படம் எதுக்கு ஆகும்? இன்னொண்ணு, ரெண்டாவது கடைக்காரர் எப்பவுமே முதல் கடைக்காரர் வேலையக் குறைதான் சொல்லுவார். நான் இதுவரைக்கும் பார்த்த எந்த மெக்கானிக்கும் “இத யார் பண்ணினா, பிரமாதமாப் பண்ணியிருக்காங்களே”ன்னு சொல்லிக் கேட்டதில்ல.

அதனால அவருக்கே திரும்ப எழுதினேன். இந்தத் தடவை நாலு வரி. ஆயில், கிளட்ச் ரெண்டும் என் தப்பு, சரி பண்ணிட்டேன், ரெண்டாவதும் ரிவர்ஸும் இப்பப் பிரச்சினை இல்ல. மூணாவது இப்படிக் கழளுது. சத்தம் இந்தெந்த கியர்ல வருது, இதுல வரல. பழைய சாமான்ல லே ஷாஃப்ட் இல்ல, பில்லுலயும் இல்ல. எஞ்சினையும் பெட்டியையும் நானே இறக்கித் தர்றேன், நம்ம ரெண்டு பேரும் இருக்கும்போது திறப்போம், பார்த்திருக்க வேண்டிய இடத்துல குறை இருந்தா உங்க செலவு, நான் கெடுத்ததா இருந்தா என் செலவு.

ஒரு மணி நேரத்துல பதில்: “சரி சார். கொண்டு வாங்க.”

தப்ப ஒத்துக்கிட்டதுக்கப்புறம்தான் அவர் காதுல மிச்சம் விழுந்துச்சுன்னு நினைக்கிறேன். இல்ல, எஞ்சின் இறக்குற வேலை தன் தலையில விழலங்கிற நிம்மதியாவும் இருக்கலாம்.

மார்ச் 1

இறக்கியாச்சு. இந்த வண்டியில பெட்டிய மட்டும் கீழ்ப்பக்கமா உருவ வழியில்ல. எஞ்சினோட சேர்த்து மேல தூக்கணும், அதுவும் வால் பக்கம் தாழ்ந்து செங்குத்தாத் தொங்கும். வடிச்ச பெட்டிதானேன்னு நினைச்சீங்கன்னா, ஓவர்டிரைவுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற மிச்ச ஆயில் வால் வழியா உங்க செருப்புலதான் விழும். வால்ல ஒரு பிளாஸ்டிக் பையப் போட்டு ரப்பர் பேண்ட் சுத்துங்க. நான் சுத்தினேன். ரப்பர் பேண்ட் அறுந்துச்சு.

மார்ச் 5

திறந்தோம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், கேட்டுக்கிட்டே இருக்கீங்க.

போனதும் டீ சொன்னார், ரெண்டு பேரும் குடிக்கல. அவரே ஒவ்வொண்ணாக் கழட்டினார், நான் போன்ல படம் எடுத்தேன், அவர் ஒண்ணும் சொல்லல. பக்கவாட்டு மூடி வந்ததும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுங்க) எடுத்து லே கியரோட பக்கத்துல விட்டார். இலைய மாத்தி மாத்தித் தடியாக்கிட்டே போனார், போகப் போக நுழைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. லே கியர் முன்னும் பின்னும் நகராமத் தடுக்கிற த்ரஸ்ட் வாஷர் தேஞ்சிருக்கு. “ம்”னார்.

லே ஷாஃப்ட உருவித் துணியில துடைச்சு என் கையிலதான் முதல்ல கொடுத்தார். நடுப்பகுதி கண்ணாடி மாதிரி பளபளப்பு. முன்பக்க நுனியில ரெண்டு விரல் அகலத்துக்கு அம்மைத் தழும்பு. கட்டைவிரல் நகத்த வச்சு இழுத்தேன், நகம் தடுக்குது. ஒண்ணும் பேசாம அவர்கிட்ட கொடுத்தேன். அவரும் நகத்த வச்சு இழுத்தார். திருப்பி வச்சு இன்னொரு தடவை இழுத்தார். “அப்ப நல்லாத்தான் இருந்துச்சு”ன்னு ஆரம்பிச்சார், முடிக்கல. புது நீடில் அதுக்குள்ள மங்கிப் போயிருந்துச்சு. 400 கிலோமீட்டர்ல ஒரு தண்டு இப்படி ஆகாதுன்னு அவருக்கே தெரியும்.

அடுத்தது மூணாவது கியர். லீவர் நகர்த்துற செலக்டர் தண்டு தன் குழியில நிக்கிறதுக்கு ஸ்பிரிங்கும் ஒரு பிளஞ்சரும் இருக்கும். ரெண்டு ஸ்பிரிங்க எடுத்து மேசையில நிக்க வச்சார். ஒண்ணு மத்தத விட ரெண்டு சுத்து குட்டை. நுனி மொட்டையா இருந்துச்சு. உடைஞ்சிருக்கு. உடைஞ்ச துண்டக் காணோம், ஆக அது முன்னாடியே உடைஞ்சு, யாரோ எடுத்துப் போட்டுட்டு, மிச்சத்த மாட்டியிருக்காங்க. இவரா, இவருக்கும் முன்னாடி எப்பவோ பெட்டியத் திறந்த ஆளான்னு சொல்ல முடியாது. ஆனா திறந்து மூடினவர் பார்த்திருக்கணும்.

சரி, ஜெயிச்சுட்டோம்னு உள்ளுக்குள்ள நினைச்ச நேரத்துல, ரெண்டாவது கியரோட புதுப் பித்தளை வளையத்த எடுத்து வெளிச்சத்துல பிடிச்சார். பல் நுனியெல்லாம் உருண்டிருக்கு. ரிவர்ஸுக்காக நடுவுல இருக்கிற ஐட்லர்ங்கிற பல்சக்கரத்தோட பல் விளிம்புல சின்னச் சின்னச் செதில் பேந்திருக்கு. “இது யாரு சார்?”னார்.

நான் படம் எடுக்கிறத நிறுத்திட்டேன்.

லே ஷாஃப்ட், நீடில், த்ரஸ்ட் வாஷர், ஸ்பிரிங், கூலி அவர். ரெண்டாவது வளையம் நான். ஐட்லர விளிம்பு மட்டும் தேச்சுட்டு அதையே போட்டுக்கலாம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். பையில இல்லாத நாலாவது வளையம் முதல் கியரோடது. வளையம் பிடிக்கிற கூம்பு, அதாவது கோன்ல உக்கார வச்சு இடைவெளி அளந்து காட்டினார். நல்லா இருக்கு. அத மாத்தாம விட்டது சரிதான்.

மார்ச் 7

“விட்டுக் கொடுத்துட்ட, எஞ்சின் இறக்கி ஏத்துற கூலியையும் கேட்டிருக்கணும்.” கேட்டிருக்கலாம். ரெண்டு நாளா நானும் அதத்தான் யோசிக்கிறேன். என் கிளட்ச் அந்த நிலைமையில இல்லாம இருந்திருந்தா கேட்டிருப்பேன். அந்த வளையத்தோட பல்லப் பார்த்த பிறகு வாய் வரல.

மார்ச் 14

ஜனவரி 13 ராத்திரி எழுதினதுல ரெண்டு தப்பு. ஆயில் விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் பொறுமையாத் தனியா எழுதித் திருத்தினார்.

ஒண்ணு, ‘கெட்டி ஆயில்’. கியர் ஆயில் எண்ணும் எஞ்சின் ஆயில் எண்ணும் வேற வேற அளவுகோல். சூடேறின பிறகு கியர் ஆயில் 90ங்கிறது எஞ்சின் ஆயில் 40, 50 பக்கத்துலதான் வரும். 90, 50ஐ விடக் கிட்டத்தட்ட ரெட்டைன்னு நான் நினைச்சது சுத்த அபத்தம்.

ரெண்டு, பித்தளைய அரிக்கிறது. அந்தச் சேர்க்கைக்கு அரிக்கிற குணம் உண்டு, ஆனா முக்கியமா நல்ல சூட்டுலதான், அதுவும் பத்து நாள்ல நடக்கிற காரியம் இல்ல. வளையம் கோன ஒரு கடி கடிச்சுப் பிடிச்சாத்தான் வேகம் சமமாகும். ரொம்ப வழுக்கினா பிடிக்காது, பல் முட்டும். இந்தப் பெட்டிக்கு அந்த ஆயில் ஆகாதுங்கிறது மாறல, காரணம்தான் வேற. தட்டுல மினுக்கினது அரிச்ச பித்தளை இல்ல, அரைபட்ட பித்தளை. கடைக்காரர் கையில பார்த்தேனே, அதே பல்லு.

அதுக்கும் மேல இன்னொரு சந்தேகம். ஜனவரி 16 அன்னிக்கு ஆயில் மாத்தினதோட கிளட்ச் ஃப்ளூயிடையும் மாத்தினேன்னு நானே எழுதியிருக்கேன். ரெண்டாவது கியர் முக்கால்வாசி சரியானது எதனால? ஆயிலா, காத்து எடுத்ததா? ஒரே நாள்ல ரெண்டையும் தொட்டா இனி யாராலயும் சொல்ல முடியாது. ‘ஆயில மாத்தினேன், சரியாயிடுச்சு’ன்னு நான் எழுதினத நம்பி நாலு பேர் ஆயில் வாங்கப் போயிருக்கீங்க. கையேட்டுல என்ன இருக்கோ அத வாங்கியிருந்தா நஷ்டமில்ல.

மார்ச் 28

மாட்டியாச்சு. மூணாவதுல 50, 60, 70னு ஏத்தி ஏத்திக் கால எடுத்துப் பார்த்தேன். லீவர் அசையல. முதல்ல கைய மேலயே வச்சிருந்தேன், எடுக்க மனசு வரல. அப்புறம் எடுத்தேன்.

ஊளை போயிடுச்சு. அது போனதும் இத்தனை நாளா அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்த டிஃபரன்ஷியல் சத்தம் தெளிவாக் கேக்குது. அந்த ஜிஎல்-5 டப்பாவுக்கு இப்பத்தான் சரியான இடம் கிடைச்சிருக்கு.

ஓவர்டிரைவ் வேலை செய்யல.

மார்ச் 28, சாயங்காலம்

போன் பண்ணாதீங்க. பெட்டி மேல இருக்கிற ஸ்விட்ச்ல ஒயர மாட்ட மறந்துட்டேன். மூணு, நாலுல மட்டும் ஓவர்டிரைவ் விழ விடுற ஸ்விட்ச் அது. ஒயர் இல்லன்னா எதுலயும் விழாது. நல்லவேளை இந்தத் தடவை முதல்ல கீழ பார்த்துட்டு அப்புறம்தான் அவருக்கு எழுதலாம்னு நினைச்சேன்.

ஓவர்டிரைவ் பேச்சு வந்ததால, புதுசா இந்த வண்டி வாங்கியிருக்கிற தம்பி கேட்டதுக்குப் பதில்: அந்த ஸ்விட்ச் கெட்டு, ஓவர்டிரைவ் பிடிச்ச நிலையிலயே ரிவர்ஸ்ல போனீங்கன்னா உள்ள இருக்கிற ஒருவழிக் கிளட்ச் நொறுங்கும். ஸ்விட்ச நேரா ஷார்ட் பண்ணி ஓட்டுறேன்னு சொன்னீங்களே, இன்னிக்கே பிரிச்சுடுங்க.

ஏப்ரல் 19

600 கிலோமீட்டர். முதல்ல கேட்ட கேள்விக்கு நானே இப்பக் கொஞ்சம் பதில் சொல்லலாம். புது வளையம் முதல் கொஞ்ச நாள் லீவர இறுக்கமா வச்சிருந்துச்சு, காலையில ரெண்டாவதுக்குக் கொஞ்சம் அழுத்தம் தேவைப்பட்டுச்சு. 300 தாண்டினதும் அது தன்னால போச்சு. ஆக அவர் சொன்ன ‘செட் ஆயிடும்’ முழுப் பொய் இல்ல. இறுக்கம் செட் ஆகும். சத்தம் ஆகாது, கழண்டு வர்றது ஆகாது.

ஆயில வடிச்சுத் திரும்ப வெயில்ல பார்த்தேன். மினுக்கம் கொஞ்சம் இருக்கு, புது வளையத்துக்கு இருக்கிற அளவுதான்னு நினைக்கிறேன். புது ஆயில் ஊத்திட்டேன். எஞ்சினுக்கும் மாத்துற நேரம் வந்துடுச்சு, அதையும் அதே நாள்ல மாத்திட்டேன்.

ஏப்ரல் 20

அவர் போன் பண்ணினார். வண்டி எப்படி இருக்குன்னு கேக்கத்தான்னு நினைச்சேன். “சார், அந்தப் பாதி தேஞ்ச கிளட்ச் பின் இருந்தா கொடுங்களேன், வர்றவங்களுக்குக் காட்டணும்.” தர்றேன், ஆனா அந்தத் தழும்பு விழுந்த லே ஷாஃப்ட் எனக்கு வேணும்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்ல. அப்புறம் சிரிச்சுட்டு, “அது எதுக்கு சார் உங்களுக்கு?”ன்னார். இன்னும் கொடுக்கல. பின் என் மேசையிலதான் கிடக்கு.

ஏப்ரல் 26

இன்னிக்குக் காலையில வண்டிக்கு அடியில போட்டிருந்த அட்டையில ரெண்டு சொட்டு, எஞ்சினும் பெட்டியும் சேர்ற இடத்துக்கு நேர் கீழ. எஞ்சின் ஆயிலா கியர் ஆயிலான்னு கேக்காதீங்க. ரெண்டுலயும் ஒரே டப்பா, ஒரே நாள்ல ஊத்தினது.